குறிப்பிடத்தக்க குழப்பம்

கூடலூரிலிருந்து நிலம்பூர் போகிற மலைச் சாலையில் இருக்கிறது நாடுகாணி. இங்கே நின்று பார்த்தால் கீழே நாடு தெரியும், அதனால் நாடுகாணி என்று பெயருக்குக் காரணம் சொல்கிறார்கள். (மேகம் அனுமதித்தால்!) வனத்துறையின் ‘ஜீன்பூல்’ தோட்டம் இங்கேதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய தாவரங்களையும் அவற்றின் மரபணுக்களையும் காப்பாற்றி வைப்பதற்காக 1989-ல் ஆரம்பித்தது.

செடி கொடிகளின் ஜீன்களுக்கு வேலி போட்டாகிவிட்டது. வேலிக்கு வெளியே, கூடலூர், பந்தலூர் வட்டாரத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில், மனிதர்களின் ஜீனில் ஒரு பிரச்னை தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர், சிக்கிள் செல் அனீமியா. சிக்கிள் என்றால் கதிர் அறுக்கிற அரிவாள். வட்டமாக இருக்கவேண்டிய ரத்தச் சிவப்பணு, அரிவாள் மாதிரி வளைந்துவிடும். வளைந்த அணுக்கள் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அப்போது வருகிற வலி இருக்கிறதே... கை, கால், முதுகு என்று எலும்பைப் போட்டுப் பிழியும். ஒரு நாளா, ஒரு வாரமா என்று சொல்ல முடியாது. போய்விட்டுத் திரும்ப வரும்.

1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து, ஆப்பிரிக்காவோடு சேர்த்தே பேசப்பட்டுவந்த இந்தக் கோளாறு இங்கேயும் இருக்கிறது என்று எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயின் மருத்துவ சரித்திரம் நம் நீலகிரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த ஜீன் வந்தால் பெரிய தொந்தரவு கிடையாது. சொல்லப்போனால் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. இரண்டு பேரிடமிருந்தும் வந்துவிட்டால்தான் வினை. கூடலூரில் ஆதிவாசிகளுக்காக மருத்துவமனை நடத்தும் ‘அஸ்வினி’ அமைப்பு பல வருடங்களாக இந்த நோயாளிகளைத் தேடிப் பிடித்து வைத்தியம் பார்த்து வருகிறது.

ரொம்ப நாள் உலகம் கண்டுகொள்ளாத இந்த நோய்க்குச் சமீப வருடங்களில் புதுப்புது மருந்துகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்று வரும்போதும் செய்தியில் ஒரு வார்த்தை தவறாமல் இருக்கும். ‘குறிப்பிடத்தக்க பலன்’.

இந்த வாரம் அந்த ‘குறிப்பிடத்தக்க’வைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்கப் போகிறோம்.

*

மருத்துவ ஆய்வாளர்கள் எழுதுவது ‘ஸ்டாடிஸ்டிகலி சிக்னிஃபிகன்ட்’. சிக்னிஃபிகன்ட் என்றால் அகராதியில் முக்கியமான, குறிப்பிடத்தக்க. எனவே ‘மருந்து குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தந்தது’ என்று தமிழில் போட்டுவிடுகிறார்கள். படிக்கிற நமக்கு என்ன தோன்றும்? அடேயப்பா, நல்ல மருந்து போலிருக்கிறதே என்றுதான் தோன்றும். ஆனால், புள்ளியியல்காரர்கள் அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில் சொல்லவே இல்லை.

பிறகு எந்த அர்த்தத்தில்? டீ எஸ்டேட்டுகளுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருப்பதால் டீயிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1920-களில் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்து விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்கே வேலை பார்த்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, ‘கோப்பையில் முதலில் பாலை ஊற்றினீர்களா, டீயை ஊற்றினீர்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன்’ என்றார். கூட இருந்தவர் ரொனால்ட் ஃபிஷர், நவீன புள்ளியியலின் பிதாமகர்களில் ஒருவர். அதையும்தான் பார்த்துவிடலாமே என்று எட்டுக் கோப்பை டீ தயார் செய்தார்கள். நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். வரிசையைக் குலைத்துக் கொடுத்தாகிவிட்டது. நாக்கில் ஒரு திறமையும் இல்லாத ஒருவர் குருட்டாம்போக்கில் ‘பால் முதல்’ கோப்பைகள் நான்கையும் பொறுக்கி எடுக்க வாய்ப்பு எவ்வளவு? எட்டில் நான்கை 70 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். சரியானது ஒன்றே ஒன்று. எனவே 70-ல் ஒன்று. நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. (அந்த அம்மாள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு.)

இந்த ‘நூற்றுக்கு ஒன்றரை’ மாதிரியான எண்ணைத்தான் பி-வேல்யூ என்கிறார்கள். மருந்து ஆய்வுக்குப் போனால், ‘இந்த மருந்தில் சரக்கே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் வெறும் அதிர்ஷ்டத்தில் இவ்வளவு வித்தியாசம், அல்லது இதைவிட அதிகம், வர எவ்வளவு வாய்ப்பு?’ அவ்வளவுதான் கேள்வி. அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் சிக்னிஃபிகன்ட் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

ஏன் ஐந்து? 1925-ல் வெளியான தன் புத்தகத்தில் ஃபிஷர் வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை அது. நம்ம ஊரில் 35 மார்க் எடுத்தால் பாஸ் என்று யாரோ வைத்த மாதிரி. 34 வாங்கிய பையனுக்கும் 35 வாங்கிய பையனுக்கும் மூளையில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவன் காலேஜுக்குப் போகிறான், இன்னொருவன் டுடோரியலுக்கு!

இத்தோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. இதற்குமேல் நாம் ஏற்றிவைக்கிற மூன்று அர்த்தங்களில்தான் ஆபத்து.

*

முதலாவது: பி-வேல்யூ ஐந்து சதவிகிதம் என்றால், மருந்து வேலை செய்வது 95 சதவிகிதம் நிச்சயம்.

கிடையாது. யானை வந்தால் வாழை சாயும். கூடலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். அதற்காக, வாழை சாய்ந்திருப்பதாலேயே யானை வந்தது என்று ஆகுமா? ஆடி மாதக் காற்றாக இருக்கலாம். காட்டு ஓரத்துத் தோட்டத்தில் சாய்ந்திருந்தால் யானையைச் சந்தேகிக்கலாம். தி.நகரில் ஒரு வீட்டுப் பின்பக்கத்து வாழை சாய்ந்து கிடந்தால்? அதே வாழை, அதே சாய்வு. யானை என்று சொன்னால் சிரிப்பார்கள். தடயம் ஒன்றுதான், அந்த இடத்தில் யானை நடமாட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

மருந்துக்கும் இதே கணக்குதான். நூறு புதிய மருந்துகளைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே வேலை செய்யக்கூடியவை பத்து. தொண்ணூறு டப்பா. நல்ல ஆய்வு என்றால் அந்தப் பத்தில் எட்டைக் கண்டுபிடித்துவிடும். தொண்ணூறு டப்பாவில் ஐந்து சதவிகிதம், அதாவது நான்கு அல்லது ஐந்து, அதிர்ஷ்டத்தில் பாஸாகிவிடும். ஆக மொத்தம் சிக்னிஃபிகன்ட் முத்திரையோடு வெளியே வருபவை பன்னிரண்டு, பதின்மூன்று. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டூப்ளிகேட். 95 சதவிகித நிச்சயம் எங்கே போச்சு?

கிரிசான்லிசுமாப் என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு சிக்கிள் செல் மருந்து. நோவார்டிஸ் கம்பெனியுடையது. ஊசி வழியாக ஏற்றுவார்கள். 198 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், பொய் மருந்து ஏற்றியவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 3 முறை கடும் வலி வந்தது. நிஜ மருந்தை முழு டோஸில் ஏற்றியவர்களுக்கு 1.63 முறை. பி-வேல்யூ நூற்றுக்கு ஐந்துகூட இல்லை, ஒன்றுதான்! 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை, மாதத்துக்குப் பல ஆயிரம் டாலர். ஐரோப்பாக்காரர்கள் கொஞ்சம் உஷாராக, ‘இன்னொரு பெரிய ஆய்வையும் முடித்துக் காட்டு’ என்ற நிபந்தனையோடு 2020-ல் அனுமதித்தார்கள்.

அந்த இன்னொரு ஆய்வின் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு முதல் வருடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்படியான வலி சராசரியாக 2.5 முறை. பொய் மருந்துக்காரர்களுக்கு 2.3 முறை. பலன் எங்கே என்று தேடவேண்டியதாகிவிட்டது. 2023-ல் ஐரோப்பா அனுமதியை ரத்து செய்தது. முதல் ஆய்வில் யாரோ பித்தலாட்டம் செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு ஆய்வு, அதிலும் சிறிய ஆய்வு, சிக்னிஃபிகன்ட் என்று சொல்வதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதுதான் விஷயம்.

*

இரண்டாவது: சிக்னிஃபிகன்ட் என்றால் பெரிய பலன், உபயோகமான பலன்.

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாஷையில் சொல்கிறேன். சாயங்காலம் கல்லாவை எண்ணும்போது கணக்கில் மூன்று ரூபாய் இடிக்கிறது. மூன்று தடவை எண்ணியாகிவிட்டது. வித்தியாசம் நிஜம், சந்தேகமே இல்லை. அதற்காகப் போலீஸைக் கூப்பிடுவார்களா? வித்தியாசம் இருப்பது நிச்சயமா என்பது ஒரு கேள்வி. அது பொருட்படுத்தும்படியான வித்தியாசமா என்பது இன்னொரு கேள்வி. பி-வேல்யூ முதல் கேள்வியை மட்டுமே தொடுகிறது. லட்சம் பேரை வைத்து ஆய்வு செய்தால் மூன்று ரூபாய் வித்தியாசம்கூட ஜோராக சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும்.

அந்த டீக் கோப்பைகளையே நினைத்துப் பாருங்கள். எட்டையும் அந்த அம்மாள் சரியாகச் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எந்த டீ ருசி? அதை யாருமே கேட்கவில்லையே!

வோக்செலோட்டர் என்று இன்னொரு மருந்து. இது மாத்திரை. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி செய்யும். ஆக்சிஜனைப் பிடித்திருக்கும்வரை அணு வளையாது என்பது தத்துவம். 274 பேர் கலந்துகொண்ட ஆய்வு 2019-ல் வெளியானது. அதிக டோஸ் எடுத்தவர்களில் 51 சதவிகிதம் பேருக்கு ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு மேல் ஏறியது. பொய் மருந்தில் 7 சதவிகிதம் பேருக்குத்தான். பி-வேல்யூ ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அபாரமான சிக்னிஃபிகன்ட்! அதே வருடம் அமெரிக்காவில் துரித அனுமதி.

ஆனால் நோயாளி எதற்காக மாத்திரை சாப்பிடுகிறார்? லேப் ரிப்போர்ட்டில் நம்பர் ஏறுவதற்கா, வலி குறைவதற்கா? வலி விஷயத்தில் அந்த ஆய்வு பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. வருடத்துக்கு 2.77 முறைக்கு 3.19 முறை. இந்த வித்தியாசம் சிக்னிஃபிகன்ட் கோட்டைத் தொடவில்லை. ஹீமோகுளோபின் என்பது ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு போகிற லாரி. லாரிகள் அதிகமாக ஓடுகின்றன, சந்தோஷம். ஆனால் சரக்கை இறுக்கிக் கட்டிவிட்டால் போய்ச் சேர்ந்த இடத்தில் சரியாக இறங்குமா என்று நிபுணர்கள் சிலர் அப்போதே சந்தேகம் கிளப்பினார்கள். 2022-ல் அந்த மருந்துக் கம்பெனியை ஃபைசர் சுமார் 540 கோடி டாலருக்கு வாங்கியது.

*

மூன்றாவது தப்பர்த்தம்தான் மிகவும் ஆபத்தானது: சிக்னிஃபிகன்ட் இல்லையா, அப்படியானால் வித்தியாசமே இல்லை.

அதே வோக்செலோட்டரைக் குழந்தைகளுக்குக் கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். மூளையில் பக்கவாதம் வரும் அபாயம் அதிகமுள்ள சிக்கிள் செல் குழந்தைகள், மொத்தம் 236 பேர். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பொய் மருந்து. மருந்து எடுத்தவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். பொய் மருந்துக் குழுவில் 2 பேர்.

எட்டுக்கு இரண்டு. மருந்தால் எந்தத் தீங்கும் இல்லை, வெறும் விதிவசம் என்றால் இப்படி வர வாய்ப்பு எவ்வளவு? பத்துக் காசுகளைச் சுண்டுங்கள். பூவோ தலையோ, ஏதாவது ஒரு பக்கம் எட்டு அல்லது அதற்கு மேல் விழ நூற்றுக்குச் சுமார் 11 வாய்ப்பு. ஐந்துக்கு மேலே போய்விட்டது. ஆகவே, சாஸ்திரப்படி இது சிக்னிஃபிகன்ட் இல்லை. ‘மருந்துக்கும் மரணத்துக்கும் புள்ளியியல் ரீதியாகத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை’ என்று ஒரு அறிக்கை விட்டிருக்கலாம். இலக்கணப் பிழையே இருக்காது.

எந்த அப்பா அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுத்த மாத்திரையைக் கொடுப்பார்கள்? பத்துப் பதினைந்து மரணங்களில் ஐந்து சதவிகிதக் கோட்டைத் தாண்டும்வரை காத்திருப்பதா? ‘நிரூபணமாகவில்லை’ என்பதும், ‘இல்லை என்று நிரூபணமாகிவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. சாட்சி போதவில்லை என்று கோர்ட் விடுவித்தவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகமாட்டோம், இல்லையா?

ஐரோப்பிய மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் விசாரணை ஆரம்பித்தது. இன்னோர் ஆய்விலும் எதிர்பார்த்ததைவிட அதிக மரணங்கள் என்று தெரிந்தது. செப்டம்பர் 25-ம் தேதி ஃபைசர் அந்த மருந்தை உலகம் முழுவதும் சந்தையிலிருந்து வாபஸ் வாங்கிக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் ஏறியதற்கு அற்புதமான பி-வேல்யூ. குழந்தைகள் இறந்ததற்கு ஃபெயிலான பி-வேல்யூ. எண்ணை மட்டும் பார்த்து முத்திரை குத்துகிறவர் முதலாவதைக் கொண்டாடி, இரண்டாவதைக் குப்பையில் போட்டிருப்பார்.

*

‘அப்படியானால் ஸ்டாடிஸ்டிக்ஸே ஏமாற்று வேலையா சார்? பாட்டி வைத்தியமே தேவலையா?’ என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படாதீர்கள். பொய் மருந்தோடு ஒப்பிடுவதும், தலைகளை எண்ணுவதும், அதிர்ஷ்டத்தைக் கணக்கில் எடுப்பதும் இல்லாவிட்டால், கிரிசான்லிசுமாபின் இரண்டாவது ஆய்வு என்று ஒன்றே இருந்திருக்காது. குழப்பம் கருவியில் இல்லை, அதைப் படிக்கிற விதத்தில்.

கருவி ஒழுங்காக வேலை செய்த கதையும் இதே நோயில் உண்டு. ஹைட்ராக்சியூரியா. பழைய மருந்து, புற்றுநோய்க்குப் பயன்பட்டு வந்தது. விலை மலிவு. 1995-ல் 299 பேரிடம் நடந்த ஆய்வில் வலி, வருடத்துக்கு 4.5 முறையிலிருந்து 2.5 முறையாகக் குறைந்தது. பி-வேல்யூ பிரமாதம்தான். ஆனால் இந்த மருந்தை நம்புவதற்குக் காரணம் அது மட்டும் அல்ல. குறைந்தது வலி, லேப் நம்பர் அல்ல. குறைந்த அளவும் நோயாளிக்கு உறைக்கும்படியானது. அதைவிட முக்கியம், ஒரு தடவையோடு நிற்கவில்லை. பிறகு கைக்குழந்தைகளிடம் சோதித்தார்கள், ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான அந்த ஆப்பிரிக்க ஆய்விலும் வலி குறைந்தது, மலேரியாகூடக் குறைந்தது. ரத்த அணுக்களை அவ்வப்போது எண்ணிப் பார்த்துக்கொண்டு, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து. பளபளப்பு இல்லாததால் அதிகம் செய்தியில் வருவதில்லை.

புள்ளியியல்காரர்களே இந்தக் குழப்பத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, 2016-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பி-வேல்யூ ஒரு கருத்து உண்மையா என்பதற்கான வாய்ப்பைச் சொல்லாது, பலனின் அளவைச் சொல்லாது, அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பது சாரம். 2019-ல் எண்ணூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரைக்குக் கையெழுத்துப் போட்டு, இந்த சிக்னிஃபிகன்ட் முத்திரையையே ஒழித்துக்கட்டலாம் என்றார்கள். முத்திரை இன்னும் ஒழியவில்லை. எனவே நம் பங்குக்கு நாம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

பத்திரிகை நண்பர்களுக்கு என் சிபாரிசு: ‘குறிப்பிடத்தக்க’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, ‘தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத’ என்று எழுதிப் பாருங்கள். நீளம்தான். தலைப்பில் அடங்காது. அடங்காமலே இருக்கட்டும், அந்த அளவுக்குத்தான் அதற்கு அர்த்தம்.

வாசகர்கள் கேட்கவேண்டியது மூன்றே கேள்விகள். எதில் பலன் - உடம்பிலா, ரிப்போர்ட்டிலா? எவ்வளவு பலன் - ஒன்றுக்கு எத்தனை ஆனது? எத்தனை தடவை பார்த்தார்கள் - ஓர் ஆய்வா, வேறு யாராவது திரும்பச் செய்தும் அதேதானா? சர்க்கரை, கொலஸ்ட்ரால், முழங்கால் வலி என்று எந்த மருந்துச் செய்திக்கும் இதே மூன்றுதான். செய்தியில் மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், மருந்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் அவசரம் என்னவென்றால், 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை, 2047-க்குள் ஒழிப்பு என்பது இலக்கு. இதுவரை கணக்கிலேயே இல்லாத நோயாளிகள் கணக்கில் வருவார்கள். நல்லது. கணக்கில் வருகிறவர்களைத் தேடி மருந்துகளும் வரும், கையில் சிக்னிஃபிகன்ட் சர்டிஃபிகேட்டோடு. நாடுகாணி பக்கத்தில் ஒரு பணியர் குடியிருப்பில் அதை விளக்க யாராவது போய் நின்றால், அங்கே ஓர் அம்மா பி-வேல்யூவைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. ‘மருந்து சாப்பிட்டா பிள்ளைக்கு வருஷத்துல எத்தனை தடவை வலி கொறையும்? வேற ஏதாச்சும் ஆகுமா?’ என்றுதான் கேட்பார். அதற்கு நேராகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் மட்டும் மலை ஏறட்டும்.